கத்தரி விலகிய பிறகு: கொரிய சினிமா எழுந்த கதை

1965ஆம் ஆண்டில் லீ மான்-ஹீ என்ற தென்கொரிய இயக்குநர் பொதுவுடைமை எதிர்ப்புச் சட்டத்தின் கீழ்க் கைது செய்யப்பட்டார். போர்க்கைதிகளாகப் பிடிபட்ட தென்கொரியப் பெண்களைப் பற்றி அவர் எடுத்த படத்தில் வடகொரியச் சிப்பாய்கள் நெஞ்சில் ஈரமுள்ள மனிதர்களாக வந்தார்கள் என்பதுதான் அவர்மீது சுமத்தப்பட்ட குற்றம். முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2000 செப்டம்பரில், பார்க் சான்-வூக் இயக்கிய ‘ஜாயின்ட் செக்யூரிட்டி ஏரியா’ வெளியானது. எல்லைக்கோட்டின் இரு புறமும் காவல் நிற்கும் சிப்பாய்கள் நால்வர் இரவுகளில் ரகசியமாகக் கூடுகிறார்கள். தெற்கிலிருந்து கொண்டுவந்த ‘சாக்கோ பை’ என்ற சாக்லேட் தின்பண்டத்தைத் தின்கிறார்கள். சிறுவர்களைப் போல் விளையாடுகிறார்கள். தென்கொரியச் சிப்பாய் வடகொரியச் சார்ஜெண்டை ‘ஹியோங்’ என்று அழைக்கிறான். ஓர் ஆண் தன்னைவிட மூத்த ஆணை உரிமையோடு அழைக்கும் சொல் அது. ஆங்கில வசனவரியில் இந்தச் சொல்லுக்கு இடமே கிடையாது. ‘அண்ணே’ என்று அழைத்துப் பழகிய நமக்கோ, அந்த ஒரு விளிப்பில் எவ்வளவு பெரிய சுவர் தகர்கிறது என்பது உடனே விளங்கிவிடும். ஓர் இயக்குநரைச் சிறைக்கு அனுப்பிய அதே பார்வை, இன்னோர் இயக்குநருக்கு அந்த ஆண்டின் மிகப் பெரிய வெற்றியைத் தேடித் தந்தது.

இந்த முப்பத்தைந்து ஆண்டுகளுக்குள் அந்த நாட்டில் என்ன மாறியது என்பதில்தான் கொரிய சினிமாவின் எழுச்சிக்கான விடை இருக்கிறது என்று நான் கருதுகிறேன். பொதுவாகச் சொல்லப்படும் விடை வேறு. 1994இல் தென்கொரிய அதிபருக்கான அறிவியல் ஆலோசனைக் குழு ஓர் அறிக்கை கொடுத்தது; ‘ஜுராசிக் பார்க்’ என்ற ஒரே படம் ஈட்டிய வருவாய், 15 லட்சம் ஹூண்டாய் கார்களை ஏற்றுமதி செய்வதற்கு ஈடானது என்று அதில் கணக்குக் காட்டப்பட்டிருந்தது; அதைக் கேட்டு விழித்துக்கொண்ட அரசு திரைத்துறைக்குப் பணத்தை வாரி வழங்கியது; படங்கள் உலகத்தரத்தை எட்டின. இப்படிப் போகிறது அந்தக் கதை. அந்த அறிக்கை உண்மை. 1995இல் திரைப்பட மேம்பாட்டுச் சட்டம் வந்ததும் உண்மை. ஆனால் பணமும் அரசின் அக்கறையும் மட்டுமே நல்ல படங்களைத் தந்துவிடும் என்றால், அவை 1960களிலேயே குவிந்திருக்க வேண்டும். பார்க் சுங்-ஹீயின் ராணுவ ஆட்சி 1962இல் கொண்டுவந்த திரைப்படச் சட்டம், சிறு நிறுவனங்களை ஒழித்துச் சில பெரிய நிறுவனங்களை மட்டும் விட்டுவைத்தது. உள்நாட்டுப் படம் எடுப்பவர்களுக்குத்தான் வெளிநாட்டுப் படத்தை இறக்குமதி செய்யும் உரிமை என்றும் விதிகள் வந்தன. விளைவு என்ன? லாபம் கொழித்த ஹாலிவுட் படத்தின் உரிமையைப் பெறுவதற்காக, எவரும் பார்க்க வேண்டிய தேவையில்லாத உள்நாட்டுப் படங்கள் அவசரம் அவசரமாக எடுத்துத் தள்ளப்பட்டன. அரசு துறையை வளர்த்தது; படங்கள் வாடின.

அதற்கு முந்திய வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1919 அக்டோபரில் சியோலின் தான்சுங்சா அரங்கில் மேடை நாடகத்துக்கு நடுவே திரையிடப்பட்ட காட்சிகளே கொரியாவின் முதல் திரைப்படமாகக் கருதப்படுகின்றன. ஜப்பானிய ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் கொரிய மொழியில் படம் எடுப்பதே தடுக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் போர் வந்தது. 1953இல் போர் நின்றபோது நாடு இரண்டாகக் கிடந்தது. இவ்வளவுக்குப் பிறகும் 1960இல் கிம் கி-யங் ‘வேலைக்காரி’ என்ற படத்தை எடுத்தார். புதிதாகக் கட்டிய மாடி வீட்டையும் அதன் படிக்கட்டையும் வைத்து ஒரு நடுத்தரக் குடும்பத்தின் ஆசையையும் அழிவையும் சொன்ன படம் அது. ஆகவே திறமை அந்த மண்ணுக்குப் புதிதாக வந்து சேர்ந்ததன்று. 1970களில் அந்தத் திறமையின் கழுத்தை நெரித்தது தணிக்கை. படப்பிடிப்புக்கு முன் திரைக்கதையை அதிகாரிகள் படித்துத் திருத்துவார்கள். படம் முடிந்ததும் மீண்டும் கத்தரி விழும். வறுமையைக் காட்டினால் நாட்டை இழிவுபடுத்துவதாகும். காவலரைக் கேலி செய்தால் அரசை எதிர்ப்பதாகும்.

இந்தக் கட்டை அறுத்தவர்கள் பெரிய தயாரிப்பாளர்கள் அல்லர், மாணவர்கள். 1980 மே மாதம் குவாங்ஜு நகரில் ராணுவம் பொதுமக்களைச் சுட்டுக் கொன்றதைச் செய்தித்தாள்கள் எழுத முடியாமல் போன காலத்தில், பல்கலைக்கழக வளாகங்களில் 16 மி.மீ. கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒரு தலைமுறை புறப்பட்டது. அவர்களில் ஒரு குழு ‘ஜாங்சான்கோட்மே’ என்ற பெயரில் இயங்கியது. குவாங்ஜு படுகொலைக்குப் பின் தலைமறைவான ஒரு மாணவனைப் பற்றி ‘ஓ! கனவு தேசமே’ என்ற படத்தையும், தொழிற்சாலை ஒன்றில் சங்கம் உருவாவதைப் பற்றி 1990இல் ‘வேலைநிறுத்தத்துக்கு முந்திய இரவு’ என்ற படத்தையும் அக்குழு எடுத்தது. இவை தணிக்கைக்கு அனுப்பப்படவில்லை, திரையரங்குகளுக்கும் போகவில்லை. மாணவர் சங்கங்கள் வளாகத்துக்குள் வெள்ளைத் துணியைக் கட்டித் திரையிட்டன. குவாங்ஜுவின் சோன்னாம் தேசியப் பல்கலைக்கழகத்தில் இரண்டாவது படத்தின் திரையிடலைத் தடுக்க அரசு போலீஸ் படையோடு ஹெலிகாப்டரையும் அனுப்பியது. ஒரு படத்தின் சுருளைப் பிடிக்க ஹெலிகாப்டர் வந்தது என்பதை நான் முதன்முதலில் படித்தபோது, அந்த வரியைத் தாண்டிச் செல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது. சினிமாவின் ஆற்றலை அரசு எவ்வளவு சரியாக எடைபோட்டிருக்கிறது!

அனுமதியின்றித் திரையிட்டதற்காக அக்குழுவின்மீது வழக்குகள் தொடுக்கப்பட்டன. முன்தணிக்கை அரசியலமைப்புக்கு உகந்ததா என்ற கேள்வியை அவர்கள் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குக் கொண்டு போனார்கள். 1996 அக்டோபர் 4ஆம் தேதி தீர்ப்பு வந்தது: திரைப்படம் கருத்து வெளிப்பாட்டின் ஒரு வடிவம், அதை வெளியிடும் முன் ஓர் அரசு அமைப்பு பார்த்துத் தடுப்பது அரசியலமைப்புக்கு எதிரானது. கொரிய சினிமாவின் வரலாற்றில் ஒரே ஒரு நாளைக் குறிப்பிடச் சொன்னால், ஆஸ்கர் மேடை ஏறிய நாளை விட்டுவிட்டு நான் இந்த நாளைத்தான் குறிப்பேன். அந்தக் குழுவில் இருந்த லீ யுன் தன் மனைவி ஷிம் ஜே-மியுங்குடன் சேர்ந்து 1995இல் ‘மியுங் பிலிம்ஸ்’ நிறுவனத்தைத் தொடங்கினார். முதல் இரண்டு படங்களும் தோற்றுப்போன பார்க் சான்-வூக்கை அழைத்து ‘ஜாயின்ட் செக்யூரிட்டி ஏரியா’வை எடுக்கவைத்தது அந்த நிறுவனம்தான். வளாகத்தில் துணி கட்டிப் படம் காட்டியவர்களே பத்து ஆண்டுகளில் நாட்டின் மிகப் பெரிய வணிகப் படத்தைத் தயாரித்தார்கள். போராட்டமும் வணிகமும் அங்கே இரு வேறு உலகங்களாகப் பிரியவில்லை. கொரியப் படங்களின் தன்மைக்கு இதுவே வேர் என்பது என் கருத்து.

அதே 1996 செப்டம்பரில் பூசன் சர்வதேசத் திரைப்பட விழாவும் தொடங்கியது. அதற்கு முன்பே சியோலில் இருந்த பிரெஞ்சுப் பண்பாட்டு மையத்திலும் ஜெர்மன் பண்பாட்டு மையத்திலும், பல்கலைக்கழகத் திரைப்பட மன்றங்களில் கைமாறிய மங்கலான வீடியோ நகல்களிலும் உலக சினிமாவைப் பார்த்துத் தேறிய இளைஞர் கூட்டம் ஒன்று இருந்தது. சோகாங் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்த பார்க் சான்-வூக்கும், யோன்சேய் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த போங் ஜூன்-ஹோவும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். போங் அதன்பிறகு 1984இல் அரசு தொடங்கிய கொரியத் திரைப்படக் கலைக் கழகத்தில் பயின்றார். அரசு செய்த உதவிகளில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றுவது இந்தச் சிறிய பள்ளிதான். ஆண்டுதோறும் மிகச் சிலரையே சேர்த்துக்கொண்டு, அவர்கள் கையில் கேமராவைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்ற பள்ளி அது.

சுதந்திரம் கிடைத்தாலும் அதைக் காட்டத் திரை வேண்டும். 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் வற்புறுத்தலால் ஹாலிவுட் நிறுவனங்கள் கொரியாவில் நேரடியாகப் படங்களை வினியோகிக்க அனுமதிக்கப்பட்டபோது, உள்ளூர்த் திரைத்துறை பதறியது. நேரடி வினியோகப் படம் ஓடிய அரங்குக்குள் பாம்புகளை விட்டு எதிர்த்தவர்களும் உண்டு. 1993இல் உள்நாட்டுப் படங்களின் பங்கு ஏறத்தாழ 16 சதவீதமாகச் சுருங்கியது. அந்த இருளிலும் ஒரு வெளிச்சம்: இம் குவோன்-டேக் இயக்கிய ‘சோப்யோன்ஜே’, பான்சோரி என்ற மரபுக் கதைப்பாட்டைப் பாடி ஊர் ஊராக அலையும் ஒரு குடும்பத்தின் கதை, அதே ஆண்டில் சியோலில் மட்டும் பத்து லட்சம் பேரை ஈர்த்த முதல் கொரியப் படமானது. தங்கள் குரலைக் கேட்க மக்கள் காத்திருந்தார்கள் என்பதை அது காட்டியது.

அக்காலத்தில் உள்ளூர்ப் படத்துக்குக் குடையாக இருந்தது திரை ஒதுக்கீடு. 1966இல் தொடங்கிய இந்த விதிப்படி, ஒவ்வொரு திரையரங்கும் ஆண்டில் 146 நாள்கள் உள்நாட்டுப் படங்களைக் காட்ட வேண்டும் என்ற நிலை 1985 முதல் இருந்தது. அமெரிக்கா இதை ஒழிக்கச் சொல்லி விடாமல் அழுத்தம் கொடுத்தது. 1999இல் இயக்குநர்கள் பலர் நடுத்தெருவில் தலையை மழித்துக்கொண்டு போராடினார்கள். வர்த்தக ஒப்பந்தத்துக்கு வழிவிட 2006 ஜூலை முதல் அந்த நாள்கள் 73 ஆகப் பாதியாக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டபோது, ‘ஓல்ட்பாய்’ நாயகன் சோய் மின்-சிக் அரசு தமக்கு அளித்திருந்த விருதைத் திருப்பிக் கொடுத்தார். முன்னணி நடிகர்கள் ஒவ்வொருவராகப் பதாகை ஏந்தித் தனியாளாக நின்றார்கள். ஒதுக்கீடு பாதியானபின் சில ஆண்டுகள் உள்நாட்டுப் பங்கு சரிந்தது. 2011இல் மீண்டும் பாதிக்கு மேல் ஏறியது. இதிலிருந்து ஒதுக்கீடே தேவையற்றது என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். நாற்று வேர்பிடிக்கும்வரை வேலி காத்ததை மறந்துவிட்டு, மரமான பின் வேலியில்லாமலும் நிற்கிறதே என்று கேட்பதைப் போன்றது அந்த வாதம்.

பணத்தின் கதை இதற்குப் பிறகுதான் வருகிறது. 1990களின் தொடக்கத்தில் வீடியோ கருவிகள் விற்ற சாம்சங், டேவூ போன்ற பெருநிறுவனங்கள் வீடியோ உரிமைக்காகப் படங்களில் முதலிட்டன. கணக்குகளை ஒழுங்காக எழுதுவது, யார் பார்ப்பார்கள் என்று முன்கூட்டியே ஆய்வது போன்ற பழக்கங்கள் அவற்றின் வழியாக வந்தன. 1997 நிதி நெருக்கடியில் அந்நிறுவனங்கள் கழன்றுகொண்டன. அவற்றின் இடத்துக்கு வந்த முதலீட்டு நிதியங்கள், எந்தப் பழைய தயாரிப்பாளரின் உறவையும் பாராமல், கையில் நல்ல திரைக்கதை வைத்திருந்த இளைஞர்களை நம்பின. 1998இல் சியோலின் காங்பியோனில் 11 திரைகளுடன் சிஜிவி என்ற திரையரங்கு நிறுவனத்தின் முதல் மல்டிபிளெக்ஸ் திறந்தது. 1999இல் காங் ஜே-கியூவின் ‘ஷிரி’ 60 லட்சத்துக்கும் மேற்பட்ட நுழைவுச்சீட்டுகளை விற்று, அங்கே ‘டைட்டானிக்’ வைத்திருந்த சாதனையை முறியடித்தது. 2001இல் உள்நாட்டுப் பங்கு 50 சதவீதத்தைத் தொட்டது. எட்டே ஆண்டுகளில் நடந்த மாற்றம் இது.

ஆனால் திரையும் பணமும் சுதந்திரமும் கிடைத்த நாடுகள் எல்லாம் இத்தகைய படங்களைத் தந்துவிடவில்லை. ஆகவே படங்களுக்குள்ளேயே சென்று பார்க்க வேண்டும். போங் ஜூன்-ஹோவின் ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’ 2003இல் வந்தது. 1986 முதல் 1991 வரை சியோலுக்குத் தெற்கே ஹ்வாசோங் என்ற வயல்வெளிப் பகுதியில் பெண்கள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்ட உண்மை வழக்கே அதன் அடிப்படை. அதில் ஒரு காட்சியை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். வயலோரத்தில் பிணம் கிடக்கிறது. உள்ளூர்த் துப்பறிவாளராக வரும் சோங் காங்-ஹோ, மண் பாதையில் பதிந்திருக்கும் ஒரு காலடித் தடத்தைச் சுற்றி எல்லை போட்டுவிட்டு, தடயவியல் ஆட்கள் எங்கே என்று கத்துகிறார். குழந்தைகள் ஓடித் திரிகிறார்கள். ஊரார் வேடிக்கை பார்க்கிறார்கள். மேலதிகாரி வரப்பிலிருந்து வழுக்கி வயலில் விழுகிறார். யாரும் பொருட்படுத்தாத நேரத்தில் ஓர் உழவு இயந்திரம் வந்து, கையில் இருந்த ஒரே தடயத்தின்மீது ஏறிப் போய்விடுகிறது. இவ்வளவும் இடையில் வெட்டே இல்லாமல், நகர்ந்துகொண்டே இருக்கும் ஒரே நீண்ட ஷாட்டில் நடக்கிறது. பார்ப்பவர் சிரிக்கிறார். சிரிக்கும்போதே, அந்தச் சடலம் சட்டகத்துக்கு வெளியே கிடக்கிறது என்பது நினைவுக்கு வந்து சிரிப்பு தொண்டையில் சிக்குகிறது.

அந்தப் படம் கொலையாளியைத் தேடுவதோடு நிற்பதில்லை. அவனைத் தப்பவிட்ட ஆட்சியையும் தேடுகிறது. மழை பெய்யும் இரவில் இன்னொரு கொலை நடக்கலாம் என்று அஞ்சிக் கூடுதல் காவலர்களைக் கேட்கும்போது, எல்லோரும் ஆர்ப்பாட்டத்தை ஒடுக்கப் போயிருப்பதாகப் பதில் வருகிறது. போர்ப்பயிற்சிக்காகச் சங்கு ஊதி ஊரே விளக்கணைக்கும் இருட்டில் ஒரு சிறுமி கொல்லப்படுகிறாள். துப்பறிவாளர்கள் அப்பாவிகளை அடித்து ஒப்புதல் வாங்குகிறார்கள். இதெல்லாம் கற்பனை மிகை என்று நினைத்தவர்களுக்கு 2019இல் பதில் கிடைத்தது. மரபணுச் சோதனையில் உண்மைக் கொலையாளி வெளிப்பட்டான்; வேறொரு கொலைக்காக அவன் ஏற்கெனவே ஆயுள் தண்டனையில் இருந்தான். அந்தக் கொலைகளில் ஒன்றைச் செய்ததாக அடித்து ஒப்புக்கொள்ளவைக்கப்பட்டு ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறையில் கழித்த வேறொரு மனிதர், குற்றமற்றவர் என 2020 டிசம்பரில் விடுவிக்கப்பட்டார். படத்தின் முடிவில் சோங் காங்-ஹோ கேமராவை நேராகப் பார்க்கும் அந்தப் பார்வை, அரங்கில் எங்கோ அமர்ந்திருக்கக்கூடிய கொலையாளியின் கண்ணைச் சந்திப்பதற்காகவே வைக்கப்பட்டது.

இந்த இடத்தில்தான் கொரியப் படங்களின் வெற்றிக்கான உள்விசை பிடிபடுகிறது. கொலைக் கதை, பேய்க் கதை, ராட்சத விலங்குக் கதை, பழிவாங்கும் கதை எனப் பார்வையாளருக்குப் பழகிய வடிவத்தை அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அதன் வயிற்றில் தங்கள் ஊரின் ஆறாத புண் ஒன்றை வைக்கிறார்கள். 2006இல் வந்த ‘தி ஹோஸ்ட்’ ஆற்றிலிருந்து எழும் விலங்கைப் பற்றியது. ஆனால் அந்த விலங்கு பிறக்கும் முதல் காட்சி, 2000இல் சியோலின் அமெரிக்க ராணுவத் தளத்திலிருந்து சவப்பதன ரசாயனம் சாக்கடை வழியாக ஹான் ஆற்றில் கொட்டப்பட்ட உண்மைச் சம்பவத்திலிருந்து எடுக்கப்பட்டது. ‘ட்ரெய்ன் டு பூசன்’ 2016இல் வந்தபோது, பயணிகளை அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டு அதிகாரம் கைவிடுவதைக் கண்ட கொரியர்களுக்கு, 2014இல் பள்ளி மாணவர்களோடு மூழ்கிய சேவோல் கப்பல் நினைவுக்கு வராமல் இருந்திருக்காது. உலகுக்காக அவர்கள் எதையும் பொதுமைப்படுத்திச் சொல்லவில்லை. தங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்னார்கள்; வலி உண்மையானதாக இருந்ததால் தூரத்தில் இருந்தவர்களும் நின்று கேட்டார்கள். கொரியர்களுக்கென்று ‘ஹான்’ என்ற ஒரு தனித் துயரம் உண்டு, அதுவே இப்படங்களின் ரகசியம் என்று விளக்குபவர்கள் இருக்கிறார்கள். துயரம் இல்லாத இனம் எது? அதைத் தைரியமாகக் கதையாக்கும் வாய்ப்பு யாருக்குக் கிடைத்தது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

துயரத்தோடு நகைச்சுவை கலப்பதையும் அவர்கள் பிழையாகக் கருதுவதில்லை. ‘தி ஹோஸ்ட்’ படத்தில் இறந்தவர்களுக்கான கூட்டு அஞ்சலி மண்டபத்தில், மகளைப் பறிகொடுத்ததாக நம்பும் குடும்பம் அழுகிறது. அழுதுகொண்டே ஒருவரையொருவர் இழுத்துத் தள்ளித் தரையில் உருள்கிறது. புகைப்படக்காரர்கள் படம் பிடிக்கிறார்கள். இழவு வீட்டில் நடப்பவற்றைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. அங்கே ஒப்பாரியும் சண்டையும் காபியும் ஒரே கூரையின்கீழ்தான் இருக்கின்றன. உணர்ச்சிகளைத் தனித்தனிப் பாத்திரத்தில் பரிமாறும் வழக்கத்தை இப்படங்கள் கைவிட்டன.

கைவினை இல்லாமல் இது நிற்காது. போங் ஜூன்-ஹோ தாமே திரைக்கதையை எழுதி, தாமே ஒவ்வொரு ஷாட்டையும் ஸ்டோரிபோர்டாக வரைந்துவிட்டுத்தான் படப்பிடிப்புக்குப் போகிறார். பல கோணங்களில் எடுத்துவைத்து, பிறகு மேசையில் தீர்மானிப்போம் என்ற முறை அவரிடம் இல்லை. கொரியப் படப்பிடிப்புத் தளங்களில் எடிட்டர் ஒருவர் கணினியோடு இயக்குநர் அருகிலேயே அமர்ந்து, எடுக்கப்பட்ட ஷாட்டுகளை அங்கேயே ஒட்டிக் காட்டும் வழக்கம் உண்டு. காட்சி சேர்கிறதா இல்லையா என்பது அன்றே தெரிந்துவிடும். தளத்தைக் கலைத்த பிறகு வருந்த வேண்டியதில்லை.

போங் இயக்கிய ‘பாரசைட்’ படத்தின் இரு வீடுகளையும் பாருங்கள். செல்வந்தர் வீடும், ஏழைகள் வாழும் தெருவும் முழுக்கக் கட்டப்பட்ட செட்டுகள். தெருவைத் தண்ணீர்த் தொட்டிக்குள் கட்டி, வெள்ளக் காட்சியில் மூழ்கடித்தார்கள். ஏழைக் குடும்பம் குடியிருப்பது பாதி தரைக்குக் கீழே இருக்கும் ‘பான்ஜிஹா’ வீட்டில். வடகொரியாவின் தாக்குதல் அச்சத்தால் 1970இல் கட்டட விதி திருத்தப்பட்டு, குடியிருப்புகளில் பதுங்குமிடமாக நிலவறைகள் கட்டப்பட்டன. 1980களில் வீட்டுப் பஞ்சம் முற்றியபோது அவற்றை வாடகைக்கு விட அரசு அனுமதித்தது. அந்த வீட்டில் கழிப்பறைத் தொட்டி, படியேறிப் போக வேண்டிய மேடைமேல், கூரையை ஒட்டி இருக்கிறது. கழிவுநீர்க் குழாயைவிட வீடு தாழ்ந்திருப்பதால், கழிப்பறையை உயர்த்தி வைக்காவிட்டால் கழிவு திரும்பி வரும். அந்த வீட்டிலேயே உயரமான இடம் அதுதான். அக்கம்பக்கத்து வைஃபை கிடைப்பதும் அங்கேதான். அண்ணனும் தங்கையும் அதன் அருகே குந்தியபடி கைப்பேசியைப் பார்க்கும் காட்சியில் ஒரு நகரத்தின் வர்க்க வரலாறு முழுவதும் அடங்கிவிடுகிறது. யாரும் வசனம் பேசி விளக்கவில்லை. 2019 மே மாதம் கான் விழாவின் தங்கப் பனை விருதும், 2020 பிப்ரவரியில் சிறந்த படம் உள்ளிட்ட நான்கு ஆஸ்கர் விருதுகளும் அப்படத்துக்குக் கிடைத்தன. விருதுகளைவிட 2022 ஆகஸ்டில் நடந்தது என் மனத்தில் நிற்கிறது. சியோலில் கொட்டிய பெருமழையில் பான்ஜிஹா வீட்டுக்குள் நீர் புகுந்து ஒரு குடும்பத்தில் மூவர் இறந்தார்கள். அத்தகைய வீடுகளைப் படிப்படியாக ஒழிப்பதாக நகர நிர்வாகம் அறிவித்தது.

நடிகர்களைப் பற்றிப் பேசாமல் இக்கட்டுரை முழுமை பெறாது. சோங் காங்-ஹோ மேடை நாடகக் குழுவிலிருந்து வந்தவர். சியோலின் தேஹாங்னோ பகுதியில் கிம் மின்-கி நடத்திய ‘ஹாக்ஜோன்’ என்ற சிறு அரங்கில், ‘ஒன்றாம் தட ரயில்’ என்ற இசை நாடகம் 1994இல் தொடங்கி ஆண்டுக்கணக்கில் ஓடியது. இன்று கொரியத் திரையின் தூண்களாக நிற்கும் சோல் கியுங்-கு, ஹ்வாங் ஜுங்-மின், கிம் யுன்-சோக் ஆகியோர் அந்த அரங்கில் வளர்ந்தவர்கள். கிம் மின்-கி யார் என்றால், சர்வாதிகாரக் காலத்தில் பாடல்கள் தடைசெய்யப்பட்ட பாடகர். நடிகர்களோடு எழுத்து ஒப்பந்தம் போட்டு வருவாயைப் பகிர்ந்துகொண்டவர். 2024இல் அந்த அரங்கு மூடப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் அவரும் மறைந்தார். தடையும் அதை எதிர்த்து நின்ற கலையும் எப்படி இந்தத் துறையின் ஒவ்வொரு மூலையிலும் வேர்விட்டிருக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இத்தனையையும் தாங்கிப் பிடித்தது உள்ளூர்ப் பார்வையாளர் கூட்டம். கொரியாவில் ஒரு படத்தின் வெற்றியை வசூல் தொகையால் அல்லாமல், விற்ற நுழைவுச்சீட்டுகளின் எண்ணிக்கையால் அளக்கிறார்கள். கொரியத் திரைப்பட மன்றம் என்ற அரசு அமைப்பின் கணினி வலையில் அந்த எண்ணிக்கை நாள்தோறும் எவரும் பார்க்கும்படி வெளியாகிறது. வசூலைப் பற்றி எவரும் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்ல முடியாது. ஐந்து கோடிக்குச் சற்று மேற்பட்ட மக்கள்தொகையில் ஒரு கோடிப் பேர் பார்த்த படங்கள் முப்பதுக்கும் மேல் உண்டு. 2014இல் கடற்போர்த் தளபதி யி சுன்-சின்னைப் பற்றிய படத்துக்கு 1 கோடியே 76 லட்சம் சீட்டுகள் விற்றன. 2019இல் ஒரு கொரியர் சராசரியாக ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் திரையரங்குக்குப் போனார். அந்தச் செழிப்பிலும் இருட்டு இருந்தது. தயாரிப்பும் வினியோகமும் அரங்குகளும் சில நிறுவனங்களின் கையிலேயே குவிந்ததால், ஒரே பெரிய படம் பெரும்பாலான திரைகளை நிரப்பியது. 2011இல் ஓர் இளம் திரைக்கதை எழுத்தாளர் வறுமையிலும் நோயிலும் தனியாக இறந்துகிடந்தது நாட்டை உலுக்கியது. அந்த ஆண்டே கலைஞர் நலச் சட்டம் நிறைவேறியது. பிறகு தொழிலாளர்களுக்கான மாதிரி ஒப்பந்தம் படிப்படியாகப் பரவியது. ‘பாரசைட்’ அந்த ஒப்பந்தத்தின்படி, வேலை நேர வரம்புக்குள் எடுக்கப்பட்ட படம்.

தணிக்கையும் வேறு உருவில் திரும்பிப் பார்த்தது. அதிபர் பார்க் குன்-ஹே ஆட்சியில் அரசுக்குப் பிடிக்காத கலைஞர்கள் 9,473 பேரின் பெயர்கள் கொண்ட கறுப்புப் பட்டியல் இருந்தது 2016இல் அம்பலமானது. போங் ஜூன்-ஹோ, பார்க் சான்-வூக், சோங் காங்-ஹோ ஆகியோர் பெயர்களும் அந்த ஆட்சிக்காலப் பட்டியல்களில் இருந்தன. கத்தரிக்கு நீதிமன்றம் தடை போட்டுவிட்டதால், இம்முறை நிதியை மறுப்பதன் வழியாக அதே வேலை நடந்தது.

தமிழ்த் திரைக்கும் இந்த வளர்ச்சியோடு நேரடித் தொடர்பு உண்டு. நலன் குமாரசாமியின் ‘காதலும் கடந்து போகும்’ 2010இல் வந்த ஒரு கொரியப் படத்தின் மறு ஆக்கம். நயன்தாரா நடித்த ‘நெற்றிக்கண்’ 2011இல் வந்த மற்றொன்றின் மறு ஆக்கம். உரிமை பெற்று எடுப்பது வரவேற்க வேண்டிய மாற்றம். ஆயினும், திருப்பங்களையும் ரத்தத்தையும் மட்டும் கொரியப் படத்தின் இலக்கணமாகக் கொள்பவர்கள் பாதியைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ஹ்வாசோங் வயல்வெளியைப் போல நமக்கே உரிய ஓர் இடம் கதைக்குள் இல்லாமல் அந்தத் திருப்பங்கள் வேர்பிடிப்பதில்லை.

இன்றைய நிலை மகிழ்ச்சியானதன்று. 2019இல் 22 கோடியைத் தாண்டிய நுழைவுச்சீட்டு விற்பனை, பெருந்தொற்றுக்குப் பிறகு 2024இல் 12 கோடி அளவிலேயே நின்றது. முதலீடும் எழுத்தாளர்களும் ஓடிடி தொடர்களை நோக்கிப் போகிறார்கள்; சீட்டின் விலை ஏறிவிட்டது; நடுத்தரச் செலவில் எடுக்கப்படும் படங்கள், அதாவது புதிய இயக்குநர்கள் பழகும் களம், அருகி வருகின்றன. இத்தனைக்கும் நடுவே மக்கள் கூட்டமாகத் திரண்ட படங்கள் எவை என்று பார்த்தால் பழைய விதியே தெரிகிறது. 2024இல் ஒரு கோடியே 19 லட்சம் பேர் பார்த்த ‘எக்ஸ்ஹ்யூமா’ கல்லறையைத் தோண்டும் பேய்க் கதை. அதன் அடியில் புதைந்திருப்பது ஜப்பானிய ஆட்சியின் நினைவு. 2023 நவம்பரில் வந்து ஒரு கோடியே 31 லட்சம் பேரை ஈர்த்த ‘சியோலின் வசந்தம்’, 1979 டிசம்பர் 12 இரவில் ராணுவத் தளபதிகள் ஆட்சியைப் பறித்த ஒன்பது மணி நேரத்தைச் சொல்கிறது. முடிவு என்னவென்று எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனாலும், படம் பார்க்கும்போது ஆத்திரத்தில் எகிறிய தங்கள் இதயத் துடிப்பைக் கைக்கடிகாரத்தில் படம் பிடித்து இளைஞர்கள் பகிர்ந்துகொண்டார்கள்.

அந்தப் படம் வெளியாகி ஓராண்டு கழித்து, 2024 டிசம்பர் 3ஆம் தேதி இரவு, அதிபர் யூன் சுக்-யோல் ராணுவச் சட்டத்தை அறிவித்தார். ஊடகங்களும் வெளியீடுகளும் ராணுவத் தலைமையின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை என்று அன்றிரவு வெளியான ஆணையில் ஒரு விதி இருந்தது. மக்கள் நாடாளுமன்றத்தின் முன் கூடினார்கள். உறுப்பினர்கள் உள்ளே சென்று சில மணி நேரத்தில் அந்த அறிவிப்பை வாக்களித்து முறியடித்தார்கள். அந்த வாரமே, அதிபரைப் பதவி நீக்கக் கோரி 2,500க்கும் மேற்பட்ட திரைக்கலைஞர்கள் கையெழுத்திட்ட அறிக்கை வெளிவந்தது. போங் ஜூன்-ஹோவின் பெயரும் அதில் இருந்தது.